தாய் மாற்றம் அசைந்தால் பிள்ளை மாற்றம் என்னாகும்? ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் நிரல் மாற்றங்களின் பிழை நீக்கும் வழிமுறை

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் குழுவில் நால்வர் இருக்கிறோம். இரணைமடுக் குளத்தின் இடதுகரை வாய்க்கால் ஒன்றின் கீழ் வயல் செய்யும் கமக்காரர்களுக்காக ஒரு சிறிய நிரலை எழுதிவருகிறோம். யாருக்கு எவ்வளவு காணி, சிறுபோகத்தில் யாருடைய தண்ணீர் முறை எப்போது என்று அது கணக்கிடும். முறை வருவதற்கு முதல் நாள் அவருடைய தொலைபேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போகும்.

எங்கள் நிரலை மீளாய்வு செய்கிற அக்கா டொரன்டோவில் இருக்கிறார். அங்கே குளிர்காலமாக இருக்கும்போது நேர வித்தியாசம் பத்தரை மணி. நாங்கள் மாலை ஆறு மணிக்கு ஒரு மாற்றத்தை அனுப்பினால் அவருக்குக் காலை ஏழரை. வேலை முடிந்து வீடு திரும்பி அவர் கருத்து எழுதும்போது எங்களுக்கு விடியப் போகிறது. ஆக, ஒரு சுற்று மீளாய்வுக்கு ஒரு முழு நாள். அந்த நாளைச் சும்மா கழிக்க முடியாது என்பதால், முதல் மாற்றம் ஏற்கப்படும் முன்பே அதன் மேல் இரண்டாவதை எழுதத் தொடங்குகிறோம். சார்பு அங்கேதான் பிறக்கிறது.

நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியில், சேமித்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். கமிட்டுகளின் தனி வரிசை ஒரு கிளை. கீழே வரும் உதாரணங்கள் எல்லாவற்றிலும் மூன்று கிளைகள் இருக்கின்றன. 'காணி-அளவு' தாய். அதன் மேல் நிற்கும் 'முறை-கணக்கு' பிள்ளை. அதற்கும் மேல் 'குறுஞ்செய்தி' பேரப்பிள்ளை. எல்லாம் கடைசியில் சேர வேண்டிய இடம் மெயின் கிளை. கட்டளைகளைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒன்றைச் செய்யுங்கள்: 'கிட் ஃபெட்ச்' (சேவையகத்தில் உள்ள களஞ்சியத்தின் புதிய நிலையைக் கொண்டுவரும்), அதன் பிறகு 'கிட் லாக் --கிராஃப் --ஒன்லைன் --ஆல்'. எது எதன் மேல் நிற்கிறது என்று கோடுகள் காட்டும். அதை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் இருக்கும் கமிட் எண்ணின் முதல் ஏழு எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்த எண் தேவைப்படும். மனத்தில் இருக்கும் வரிசைதான் கிட்டிலும் இருக்கிறது என்று நம்பி எங்கள் குழு பல மாலைகளை இழந்திருக்கிறது.

"இரண்டு கோப்புகளைத்தான் மாற்றினேன், மீளாய்வுப் பக்கத்தில் பதினொன்று தெரிகிறது"

பிள்ளையின் புல் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்கும் மீளாய்வுப் பக்கம், மெயினோடு ஒப்பிடப்படுகிறது. தாய் இன்னும் மெயினில் சேரவில்லை. எனவே தாயின் வரிகளும் பிள்ளையின் வரிகளாகவே தெரிகின்றன. நிரலைப் பகிர்ந்து மீளாய்வு செய்யும் தளமான கிட்ஹப்பில் தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள திருத்தும் பொத்தானை அழுத்தி, ஒப்பிடும் அடிக்கிளையை மெயினில் இருந்து 'காணி-அளவு' என்று மாற்றினால் போதும். அதைப் போன்ற தளமான கிட்லாபிலும் திருத்தும் பக்கத்தில் இதே வசதி இருக்கிறது.

இது முடியாத ஓர் இடம் உண்டு. பிறருடைய களஞ்சியத்தை ஃபோர்க் செய்து, உங்கள் பிரதியில் இருந்து மாற்றங்களை அனுப்புகிறீர்கள் என்றால் அடிக்கிளையாக வைக்கத் தாய்க் கிளை அவர்களுடைய களஞ்சியத்தில் இருக்காது. அப்போது விளக்கத்தின் முதல் வரியில், எந்தக் கமிட்டில் இருந்து படிக்க வேண்டும் என்று எழுதி, அந்தக் கமிட்டுக்கு நேரடி இணைப்பும் கொடுங்கள். மீளாய்வாளர் பதினொரு கோப்புகளையும் படித்துக் களைத்த பிறகு சொல்வதில் பயனில்லை.

கெரிட் என்ற மீளாய்வுக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த அறிகுறி வருவதில்லை. அங்கே ஒவ்வொரு கமிட்டும் தனி மீளாய்வு. சங்கிலி முழுவதையும் பக்கத்திலேயே காட்டிவிடும்.

"தாயில் ஒரு வரியைத் திருத்தினேன், பிள்ளை பழைய தாயையே பிடித்துக்கொண்டு நிற்கிறது"

கமிட்டைத் திருத்தினால் அதன் எண் மாறுகிறது. கிட்டின் பார்வையில் அது திருத்தப்பட்ட பழைய கமிட் அன்று. புதிதாகப் பிறந்த வேறொரு கமிட். பிள்ளை பழையதைத் தன் தாயாக எழுதிவைத்திருக்கிறது, யாரும் சொல்லாமல் அதை மாற்றிக்கொள்ளாது. கெரிட்டில் சங்கிலிப் பட்டியலில் அந்தத் தாய் பழைய தொகுதி (முந்தைய வடிவம்) என்று குறியிட்டுக் காட்டும். கிட்ஹப்பில் பிள்ளையின் பக்கத்தில் பழைய வரிகள் திரும்பவும் முளைக்கும்.

தாய்க் கிளைக்குப் போய்த் திருத்திவிட்டுப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இழுத்து வருவது நீண்ட வழி. நான் மேலே இருந்து கீழே வேலை செய்கிறேன். பேரப்பிள்ளையின் கிளையில் நின்றபடியே தாயின் கோப்பைத் திருத்தி, 'கிட் கமிட் --ஃபிக்ஸப்' என்று தாயின் கமிட் எண்ணைக் கொடுத்துச் சேமிக்கிறேன். பிறகு 'கிட் ரீபேஸ் -ஐ --ஆட்டோஸ்குவாஷ் --அப்டேட்-ரெஃப்ஸ் ஒரிஜின்/மெயின்'. ரீபேஸ் என்றால் கமிட்டுகளை வேறோர் அடியின் மேல் மீண்டும் அடுக்குவது; ஒரிஜின்/மெயின் என்பது தொலைக் களஞ்சியத்தின் மெயின். திருத்தம் தாயின் கமிட்டுக்குள் தானாகப் போய் அமர்கிறது. மேலே உள்ள கமிட்டுகள் புதிய தாயின் மேல் மீண்டும் அடுக்கப்படுகின்றன. நடுவில் நிற்கும் கிளைப் பெயர்களும் சேர்ந்து நகர்கின்றன.

கடைசியாகச் சொன்ன வேலையைச் செய்வது '--அப்டேட்-ரெஃப்ஸ்'. இது 2022 அக்டோபரில் வெளிவந்த கிட் 2.38இல்தான் சேர்ந்தது. உபுண்டு 22.04 உடன் வரும் கிட் 2.34, அதில் இது இல்லை. 'கிட் --வெர்ஷன்' தட்டிப் பார்த்து, தேவையென்றால் புதுப்பித்துவிட்டுத் தொடங்குங்கள். எப்போதும் இயங்க வேண்டுமென்றால் அமைப்பில் 'ரீபேஸ்.அப்டேட்ரெஃப்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்கலாம்.

"தாய் மெயினில் சேர்ந்துவிட்டது, இப்போது பிள்ளையில் அதே வரிகளே மோதுகின்றன"

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் முதல் மாதத்தில் என்னிடம் கொண்டுவந்த முதல் பிரச்சினை இதுதான். "அண்ணா, நான் எழுதிய வரியும் நான் எழுதிய வரியும் எப்படி மோத முடியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

தாயில் மூன்று கமிட்டுகள் இருந்தன. அவற்றை ஸ்குவாஷ் செய்து, அதாவது மூன்றையும் நசுக்கி ஒன்றாக்கி, மெயினில் சேர்த்தோம். மெயினில் இப்போது இருப்பது நான்காவதான புதிய கமிட். பிள்ளையின் வரலாற்றிலோ அந்த மூன்று பழைய கமிட்டுகளும் அப்படியே இருக்கின்றன. வழக்கமான ரீபேஸ், ஏற்கெனவே சேர்ந்த கமிட்டை அதன் உள்ளடக்கத்தை ஒப்பிட்டு அடையாளம் கண்டு விட்டுவிடும். தாயில் ஒரே ஒரு கமிட் இருந்திருந்தால் அந்த ஒப்பீடு பெரும்பாலும் வென்றிருக்கும். மூன்று ஒன்றானபோது அந்த மூன்றில் எதுவும் புதியதோடு ஒத்துப்போகவில்லை; எனவே கிட் முதல் கமிட்டை எடுத்து, மூன்றாவது கமிட்டின் நிலையில் இருக்கும் கோப்பின் மேல் வைக்கப் பார்க்கிறது. மோதல் அதனால்தான்.

அந்த மோதல்களைக் கையால் தீர்க்க உட்கார வேண்டாம். 'கிட் ரீபேஸ் --அபோர்ட்' தட்டி வெளியே வாருங்கள். தாயின் பழைய நுனி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் குறித்த எண் இதற்குத்தான். குறிக்காமல் விட்டிருந்தால், இணைந்த புல் ரிக்வெஸ்ட்டின் பக்கத்தில் கடைசிக் கமிட்டாக அது இருக்கும். அல்லது கிளைநுனிகள் நகர்ந்த வரலாற்றை வைத்திருக்கும் 'கிட் ரெஃப்லாக்' காட்டும். பிறகு:

கிட் ரீபேஸ் --ஆன்டூ ஒரிஜின்/மெயின் [தாயின் பழைய நுனி] முறை-கணக்கு

இதை இப்படிப் படியுங்கள்: பழைய நுனிக்குப் பிறகு, 'முறை-கணக்கு' கிளையின் நுனி வரை உள்ளவற்றை மட்டும் எடுத்து மெயினின் மேல் வை. தாயின் மூன்று கமிட்டுகளும் அந்த எல்லைக்கு வெளியே போய்விடுவதால் மோத ஒன்றும் மிஞ்சாது. அப்படியும் ஒரு மோதல் வந்தால் அது உண்மையானது; மெயினில் வேறு யாரோ தொட்ட இடம். அதை உட்கார்ந்து தீர்க்கத்தான் வேண்டும்.

பேரப்பிள்ளையும் இருந்தால் கடைசிச் சொல்லாக 'குறுஞ்செய்தி' என்று கொடுத்து '--அப்டேட்-ரெஃப்ஸ்' சேருங்கள். நடுப்பிள்ளையும் சேர்ந்து நகரும். பிறகு இரண்டு கிளைகளையும் 'கிட் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ் ஒரிஜின் முறை-கணக்கு குறுஞ்செய்தி' என்று ஒரே தடவையில் அனுப்புங்கள். ஒன்று போய் மற்றது போகாத நிலையில் மீளாய்வாளர் பக்கத்தைத் திறந்தால் அவருக்குத் தெரிவது ஒரு பொய்ப் படம்.

கிட்ஹப்பில் தாய் இணைந்த பிறகு அதன் கிளையை நீக்கினால், பிள்ளையின் அடிக்கிளை தானாக மெயினுக்கு மாறும். பலர் இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். மாறியது ஒப்பிடும் இடம் மட்டுமே. பிள்ளையின் கமிட்டுகளை அது தொடுவதில்லை. மேலே சொன்ன ரீபேஸை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

"இணைந்துவிட்டது என்று ஊதா நிறத்தில் காட்டுகிறது, ஆனால் மெயினில் அந்த நிரல் இல்லை"

இந்த வழிமுறையில் நீங்கள் ஒரே ஓர் அறிகுறியை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். மற்றவை சத்தம் போடும். இது சத்தமே இல்லாமல் நடக்கிறது.

எங்களுக்கு நடந்தது: 'குறுஞ்செய்தி' மாற்றம் ஏற்கப்பட்டது, இணைக்கும் பொத்தானை அழுத்தினோம், பக்கம் ஊதாவானது, எல்லோரும் வீட்டுக்குப் போனோம். ஒரு கிழமை கழித்துக் கமக்காரர் அமைப்பில் இருந்து ஓர் ஐயா அழைத்தார். "தம்பி, ஒருவருக்கும் செய்தி வரவில்லையே" என்றார். சோதனை ஓட்டம் என்பதால் யாருடைய வயலும் காயவில்லை. ஆனாலும் முறை தவறினால் என்ன நடக்கும் என்று வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவருக்குத் தெரியும்; அந்த அழைப்பை நான் மறக்கவில்லை.

காரணம் எளியது. 'குறுஞ்செய்தி' மாற்றத்தின் அடிக்கிளை 'முறை-கணக்கு'. அந்த 'முறை-கணக்கு' முதல் நாளே மெயினில் சேர்ந்துவிட்டது. ஆனால் அதன் கிளையை நாங்கள் நீக்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் குறுஞ்செய்தி நிரல் அந்த முடிந்துபோன கிளைக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்து மெயினுக்கு வரும் வழி ஏற்கெனவே மூடிவிட்டது.

சோதிக்க: 'கிட் மெர்ஜ்-பேஸ் --இஸ்-ஆன்செஸ்டர் [கமிட் எண்] ஒரிஜின்/மெயின்'. இது எதையும் அச்சிடாது. வெளியேறும் எண் 0 என்றால் கமிட் மெயினில் இருக்கிறது, 1 என்றால் இல்லை. ஸ்குவாஷ் செய்து இணைப்பவர்களுக்கு எண் மாறிவிடும் என்பதால் இந்தச் சோதனை உதவாது. அவர்கள் மெயினை இறக்கி, புதிய செயற்கூறின் பெயரைக் 'கிட் கிரெப்' மூலம் தேட வேண்டும்.

மீட்க: புதிய கிளை ஒன்றை மெயினில் இருந்து எடுத்து, தொலைந்த கமிட்டுகளைச் செர்ரி-பிக் செய்து, அதாவது அவற்றை மட்டும் பிரதியெடுத்து வைத்து, புதிய புல் ரிக்வெஸ்ட் திறவுங்கள். விளக்கத்தில் பழையதின் இணைப்பைக் கொடுத்தால் மீளாய்வாளர் மறுபடி முழுவதையும் படிக்க வேண்டியதில்லை.

மீண்டும் நடக்காமல் இருக்க, இணைந்த கிளைகளைத் தானாக நீக்கும் அமைப்பைக் களஞ்சியத்தில் இயக்கிவிட்டோம். பொத்தானை அழுத்தும் முன் அதன் மேலே எழுதியிருக்கும் கிளைப் பெயரை வாய்விட்டு வாசிப்பதையும் பழக்கமாக்கிக்கொண்டோம். மெயின் என்று வாசிக்காவிட்டால் அழுத்துவதில்லை.

தாய்க்கு முன்னால் பிள்ளையை இணைத்துவிட்டால் அது வேறு கதை. பிள்ளையின் நிரல் தாயின் கிளைக்குள் வந்து, தாயின் மீளாய்வு திடீரெனப் பெருத்துவிடும். தாய் ஏற்கெனவே ஏற்கப்பட்டிருந்தால், ஏற்பு பழைய வரிகளுக்குத்தான் என்று மீளாய்வாளருக்கு உடனே சொல்லிவிடுங்கள். கெரிட்டில், களஞ்சியம் செர்ரி-பிக் முறையில் சமர்ப்பிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தால் அது சார்பைப் பொருட்படுத்தாமல் பிள்ளையைத் தனியே மெயினுக்கு அனுப்பிவிடும். மற்ற முறைகளில் தாய் ஏற்கப்படாமல் பிள்ளை போகாது. உங்கள் களஞ்சியம் எந்த முறை என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

"மோதல் எதுவும் இல்லை, ஆனால் கணக்கு பிழைக்கிறது"

'காணி-அளவு' மாற்றத்தின் கதையைச் சொல்ல வேண்டும். இங்கே வயலை ஏக்கரில் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறியவர்களின் உறுதிகளிலும் பேச்சிலும் பரப்பு வரும். ஓர் ஏக்கர் பதினாறு பரப்பு. ஒரு பரப்பு பத்துப் பேர்ச்சஸ். முதல் வடிவில் எல்லாவற்றையும் ஏக்கராக மாற்றித் தசம எண்ணாக வைத்தோம். டொரன்டோ அக்கா, தசமத்தில் வைத்தால் கூட்டும்போது சிறு பிழைகள் சேரும், பேர்ச்சஸில் முழு எண்ணாக வையுங்கள் என்று எழுதினார். சரியான கருத்து. தாயைத் திருத்தினோம், பிள்ளையை ரீபேஸ் செய்தோம், ஒரு மோதலும் வரவில்லை.

பிள்ளை இன்னும் அந்த எண்ணை ஏக்கர் என்றே எண்ணிக்கொண்டிருந்தது. ஏக்கருக்கு மூன்று மணி நேரம் என்று சோதனைக்கு வைத்திருந்தோம். இரண்டு ஏக்கர்காரருக்கு ஆறு மணி நேரம் வர வேண்டும். எண் 320 ஆக வந்தது. முறை 960 மணி நேரமானது. நாற்பது நாள் ஒருவருக்கே தண்ணீர்!

கிட் வரிகளைத்தான் ஒப்பிடுகிறது, பொருளை ஒப்பிடுவதில்லை. தாயில் மாறியது ஒரு கோப்பு, பிள்ளை எழுதியது வேறு கோப்பு. கிட்டுக்கு அங்கே முரண் எதுவும் தெரிய வழியில்லை. எனவே மோதல் வராததை நலத்தின் அறிகுறியாக எடுக்காதீர்கள்.

இரண்டு காரியங்கள் உதவும். முதலாவது, ரீபேஸ் செய்யும்போதே ஒவ்வொரு கமிட்டிலும் சோதனைகளை ஓட்டுவது. '--எக்செக்' என்று சேர்த்துச் சோதனைக் கட்டளையைக் கொடுத்தால், எந்தக் கமிட்டில் சோதனை விழுகிறதோ அங்கேயே ரீபேஸ் நிற்கும். சங்கிலியின் நுனியில் மட்டும் சோதித்தால், நடுவில் உடைந்த ஒன்று மேலே உள்ளதால் மறைக்கப்பட்டுப் போகலாம். அப்படி மறைந்தது, பிழை எந்தக் கமிட்டில் புகுந்தது என்று தேடப் பின்னால் 'கிட் பைசெக்ட்' செய்யும் ஒருவரை வழிமாற்றும்.

இரண்டாவது எனக்கு அதைவிட முக்கியம். தாயில் ஒரு செயற்கூறின் பொருள் மாறினால் அதன் பெயரையும் மாற்றுங்கள். 'அளவு' என்று இருந்ததை 'அளவு_பேர்ச்சஸ்' ஆக்கியிருந்தால், பழைய பெயரை அழைக்கும் பிள்ளை முதல் ஓட்டத்திலேயே விழுந்திருக்கும். பெயரைத் திருத்தும் சிறு வேலைக்குச் சோம்பி அன்று நாங்கள் ஒரு முழு மாலையை, நேர மண்டலக் கணக்கில் பிழையா, வாய்க்கால் பட்டியலில் பிழையா என்று தேடிக் கழித்தோம்.

"ஒரே மாற்றம் இரண்டு மீளாய்வுகளாகத் திறந்திருக்கிறது"

இது கெரிட்டுக்கு உரியது. அங்கே ஒரு மாற்றத்தின் அடையாளம் கமிட் செய்தியின் கடைசிப் பத்தியில் இருக்கும் 'சேஞ்ச்-ஐடி' வரி. கமிட் எண் எத்தனை முறை மாறினாலும் இந்த வரி மாறாதவரை கெரிட் அதை அதே மாற்றத்தின் புதிய தொகுதியாக எடுத்துக்கொள்ளும். செய்தியைத் திருத்தும்போது அந்த வரியை அழித்திருப்பீர்கள். அல்லது அதற்குக் கீழே இன்னொரு பத்தி எழுதி, அது கடைசிப் பத்தி இல்லாமல் போயிருக்கும். பழைய மீளாய்வின் பக்கத்தில் இருந்து வரியைப் பிரதி எடுத்து, கடைசிப் பத்தியில் ஒட்டி, மறுபடி அனுப்புங்கள். தவறிப் பிறந்ததைக் கைவிட்டதாகக் குறியுங்கள். இரண்டு கமிட்டுகளை ஒன்றாக்கும்போது இரண்டு வரிகளும் தங்கிவிட்டால் கெரிட் ஏற்க மறுக்கும். எந்த மீளாய்வில் கருத்துகள் அதிகமோ அதன் வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

"எதை மாற்றினீர்கள் என்று மீளாய்வாளர் கேட்கிறார்"

நீங்கள் கருத்துக்குப் பதிலாக ஒரு வரியைத் திருத்தினீர்கள். அதே அனுப்புதலில் புதிய மெயினின் மேலும் ரீபேஸ் செய்தீர்கள். மீளாய்வாளருக்கு உங்கள் ஒரு வரியோடு மெயினில் வந்த நூறு வரிகளும் கலந்து தெரிகின்றன. இரண்டையும் பிரியுங்கள். முதலில் ரீபேஸ் மட்டும் செய்து அனுப்பி, அதில் வேறெதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் பிறகு திருத்தத்தை அனுப்புங்கள்.

ஏற்கெனவே கலந்துவிட்டால், 2018இல் கிட் 2.19 கொண்டுவந்த 'கிட் ரேஞ்ச்-டிஃப்' கைகொடுக்கும். பழைய சங்கிலியையும் புதிய சங்கிலியையும் கமிட்டுக்குக் கமிட் இணைசேர்த்து, எந்தக் கமிட்டில் என்ன மாறியது என்று மட்டும் காட்டும். அதன் வெளியீட்டை மீளாய்வில் ஒட்டிவிடுங்கள். பத்தரை மணி நேரத்துக்கு அப்பால் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டுப் பதில் பெற ஒரு நாள் போகிறது. அந்த ஒட்டல் அந்த நாளை மிச்சப்படுத்துகிறது.

"இதே மோதலைத்தானே நேற்றும் தீர்த்தேன்?"

'கிட் கான்ஃபிக் --குளோபல் ரெரெரெ.எனேபிள்ட் ட்ரூ'. ஒருமுறை தீர்த்ததைக் கிட் நினைவில் வைத்து, அதே மோதல் வந்தால் தானே தீர்த்துத் தரும். தந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேமியுங்கள். முதல் முறை தவறாகத் தீர்த்திருந்தால் அந்தத் தவறையும் அது நினைவில் வைத்திருக்கும்.

"நான் அனுப்பியதும் தங்கையின் கமிட் காணாமல் போனது"

ஒரு சங்கிலியில் இருவர் வேலை செய்யும்போது வெறும் '--ஃபோர்ஸ்' ஆபத்து. தொலைக் களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அது மேலெழுதிவிடும். '--ஃபோர்ஸ்-வித்-லீஸ்' நீங்கள் கடைசியாகக் கண்ட நிலையில்தான் தொலைவில் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுக்கும். ஆனால் உங்கள் திருத்தி பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்தால், நீங்கள் கண்ணால் காணாததையும் கண்டதாகக் கிட் எடுத்துக்கொள்ளும். அதற்காகக் கிட் 2.30இல் வந்த '--ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ்' என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.

காணாமல் போன கமிட் பெரும்பாலும் எழுதியவரின் மடிக்கணினியில் பத்திரமாக இருக்கும். அவர் அவசரப்பட்டு எதையும் இழுத்து எடுக்காமல், முதலில் 'கிட் ரெஃப்லாக்' பார்க்கட்டும். எண்ணைக் கண்டதும் அதற்கு ஒரு கிளைப் பெயர் கொடுத்துவிட வேண்டும். பெயர் இல்லாமல் தொங்கும் கமிட்டுகளின் ரெஃப்லாக் குறிப்புகளைக் கிட் வழக்கமான அமைப்பில் 30 நாள்தான் வைத்திருக்கும்.

"ரீபேஸ் நடுவில் மின்சாரம் நின்றுவிட்டது"

மாரி மழையில் இங்கே இது அடிக்கடி நடக்கும். பயப்பட ஒன்றுமில்லை. 'கிட் ஸ்டேட்டஸ்' ரீபேஸ் எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லும். எங்கே விட்டோம் என்று தெளிவாக நினைவிருந்தால் '--கன்டினியூ'. கொஞ்சமும் சந்தேகம் இருந்தால் '--அபோர்ட்' கொடுத்துத் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். பூட்டுக் கோப்பு இருப்பதாகப் புலம்பினால், வேறு கிட் எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்த பிறகே அந்தக் கோப்பை நீக்குங்கள்.

"ஏழு மாற்றங்கள், எதுவும் நகரவில்லை"

அடியில் இருக்கும் தாயில் ஒரு விவாதம் நடக்கிறது. மேலே ஆறு பேர் காத்திருக்கிறார்கள். இங்கே கட்டளை எதுவும் உதவாது. சங்கிலியையே கேள்வி கேட்க வேண்டும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் எடுத்து, மெயினில் இருந்து பிரித்த புதுக் கிளையில் தனியே செர்ரி-பிக் செய்து பாருங்கள். மோதாமல் அமர்ந்து, சோதனைகளும் தேறினால் அது பெரும்பாலும் எவர் மேலும் சார்ந்ததில்லை. நீங்கள் எழுதிய நாள் வரிசையில் தற்செயலாக அங்கே நின்றது. எங்கள் ஏழில் மூன்று அப்படி இருந்தன: ஓர் எழுத்துப் பிழைத் திருத்தம், வாய்க்கால் பெயர்ப் பட்டியலின் தமிழ் வடிவம், ஒரு நூலகத்தின் பதிப்பு உயர்வு. மூன்றையும் பிரித்துத் தனியே அனுப்பியதும் அன்றிரவே இணைந்துவிட்டன. மிச்சம் நான்குதான் உண்மையான சங்கிலி.

என் கருத்தில் நான்குக்கு மேல் அடுக்கக் கூடாது. ஐந்தாவதை எழுதும் நேரத்தில் அடியில் இருப்பதைப் பற்றி மீளாய்வாளரோடு பேசுவதே பயன். தாயில் விவாதம் இருக்கிறது என்றால் அடித்தளமே இன்னும் முடிவாகவில்லை; அதன் மேல் எழுதும் ஒவ்வொரு வரியும் திரும்ப எழுதப்படலாம். விவாதத்துக்கு உரிய மாற்றத்தைச் சங்கிலியின் மேலே தள்ள முடியுமா என்றும் பாருங்கள். 'ரீபேஸ் -ஐ' பட்டியலில் வரிகளை இடம் மாற்றுவது எளிது. சில நேரம் விவாதம் இல்லாத மூன்றும் கீழே இறங்கி உடனே சேர்ந்துவிடும்.

அ என்பதற்கு ஆ வேண்டும், ஆ என்பதற்கு அ வேண்டும் என்று வட்டமாக நின்றால், இரண்டுக்கும் பொதுவான பகுதியை மூன்றாவதாகப் பிரித்து அடியில் வையுங்கள். பிரிக்க எதுவும் இல்லையென்றால் அவை இரண்டும் ஒரே மாற்றம்தான்.

"சேவையகத்தில் ஒன்று, தொலைபேசிச் செயலியில் ஒன்று, எது முதலில்?"

இரண்டு களஞ்சியங்களுக்கு இடையே உள்ள சார்பைக் கிட் அறியாது. ஓபன்ஸ்டாக் திட்டத்தினர் உருவாக்கிய ஸூல் என்ற கருவி, கமிட் செய்தியில் 'டிபெண்ட்ஸ்-ஆன்' என்று எழுதிய வரியைப் படித்து, சார்ந்திருக்கும் மாற்றத்தையும் சேர்த்தே சோதிக்கும்; அது இணையாமல் இதை இணைக்காது. கெரிட்டில் ஒரே தலைப்புப் பெயர் கொண்டவற்றைச் சேர்த்துச் சமர்ப்பிக்கும் அமைப்பு உண்டு. கிட்லாபின் கட்டணப் பதிப்பில் ஒரு மாற்றம் இன்னொன்றுக்காகக் காத்திருக்கும்படி குறிக்கலாம். எங்களைப் போன்ற சிறு குழுக்களிடம் இவை எதுவும் இருப்பதில்லை. விளக்கத்தின் முதல் வரியில், இதற்கு முன் இணைய வேண்டியது இது, இதன் பிறகு வருவது அது என்று இரண்டு இணைப்புகளையும் கையால் எழுதுகிறோம். இரண்டு பக்கத்திலும் எழுதுகிறோம். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் மற்றப் பக்கத்தைத் திறந்தவருக்குத் தெரியாது.

அதற்கும் மேலாக, வரிசையைத் தவறவிட்டாலும் உடையாதபடி மாற்றத்தைப் பிரிக்க முடியும். ஏக்கரைப் பேர்ச்சஸாக மாற்றியபோது மூன்றாகப் பிரித்தோம். முதலாவது, சேவையகம் பழைய புலத்தோடு புதிய புலத்தையும் அனுப்பும். இரண்டாவது, செயலி புதியதைப் படிக்கும். அது இல்லாவிட்டால் பழையதைப் படிக்கும். மூன்றாவது, சேவையகம் பழைய புலத்தை விட்டுவிடும். முதல் இரண்டும் எந்த வரிசையில் போனாலும் ஒருவருக்கும் செய்தி தவறாது. மூன்றாவது மட்டுமே உண்மையில் மற்ற இரண்டின் மேல் நிற்கிறது.

அந்த மூன்றாவது மாற்றம் இன்னும் எங்கள் மீளாய்வுப் பட்டியலில் திறந்தே இருக்கிறது. வாய்க்காலின் கடைசிப் பகுதியில் முறையைக் கவனிக்கும் இருவரின் தொலைபேசிகளில் பழைய செயலிதான் ஓடுகிறது. அவர்கள் புதுப்பித்ததைக் கண்ணால் பார்க்கும் வரை இணைக்க வேண்டாம் என்று விளக்கத்தின் முதல் வரியில் எழுதியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்ப் பார்ப்பதாக இருக்கிறேன்.